ஸ்டான்லி குப்ரிக்: பத்திரிகைப் புகைப்படக்காரர் இயக்குநரான பத்தாண்டுகள்

திரைப்பட வரலாற்றில் இயக்குநர்கள் உருவான வழிகளை ஆராய்வோர் ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாக மேலேறியவர்களையும், நாடக மேடையிலிருந்தோ எழுத்துத் துறையிலிருந்தோ திரைக்கு வந்தவர்களையும், பிற்காலத்தில் திரைப்படக் கல்லூரிகளில் பயின்று வெளிவந்தவர்களையும் தனித்தனி மரபினராகக் குறிப்பிடுவது வழக்கம். நியூயார்க்கில் 1928 ஜூலை 26 அன்று பிறந்த ஸ்டான்லி குப்ரிக் இம்மரபுகளுள் எதிலும் அடங்காதவர். பதினேழு வயதில் தொழில்முறைப் புகைப்படக்காரராக உருவாகத் தொடங்கி, அந்த வேலையின் வழியாகவே திரைப்படத்தை வந்தடைந்தவர் அவர். '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி', 'பேரி லிண்டன்', 'தி ஷைனிங்' ஆகிய பிற்காலப் படங்களின் புகழ், 1945 முதல் 1955 வரையிலான அவரது தொடக்க ஆண்டுகளை ஏறக்குறைய மூடிவிட்டது, பிறவி மேதை ஒருவர் யாருடைய துணையுமின்றித் தாமே எழுந்து நின்றார் என்னும் எண்ணமே பொதுவாக நிலவுகிறது. அந்தப் பத்தாண்டுகளை அணுகிப் பார்த்தால் தெரிவது வேறு: அண்டை வீட்டு இருட்டறை, தவறாமல் கைக்கு வந்த சம்பளம், உறவினரிடம் வாங்கிய பணம், தேறாத முதல் படம் ஆகியவையே அந்தத் தொழில்வாழ்வின் அடித்தளமாக அமைந்தன.

குப்ரிக் வளர்ந்தது நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில். மருத்துவரான அவருடைய தந்தை, மகன் பள்ளிப் படிப்பில் நாட்டமின்றி இருப்பதைக் கண்டு அவனுக்குச் சதுரங்கம் கற்பித்தார். பதின்மூன்றாம் வயதில் கிராஃப்லெக்ஸ் கேமரா ஒன்றையும் வாங்கித் தந்தார். பத்திரிகைக்காரர்கள் அக்காலத்தில் பெரிதும் கையாண்ட இந்தக் கேமரா பெரிய அளவிலான பிலிமை ஏற்பது, கனமானது, ஒவ்வொரு படத்துக்கும் முன்னேற்பாடு கேட்பது. ஆகவே, அதைக் கொண்டு பழகுபவர் பொத்தானை அழுத்துமுன் சற்றேனும் யோசித்தாக வேண்டும். அண்டை வீட்டு நண்பன் ஒருவனிடம் சொந்தமாக இருட்டறை இருந்தது. எடுத்த பிலிமை இரசாயனக் கரைசல்களில் கழுவி, ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்திருக்கும் நெகட்டிவை உண்டாக்கி, அதன் ஊடே ஒளியைப் பாய்ச்சித் தாளில் படத்தை வரவழைக்கும் இடமே இருட்டறை எனப்படுகிறது. தாளின் ஒரு பகுதிக்கு ஒளியைச் சில விநாடிகள் கூட்டியும் குறைத்தும் படத்தின் தொனியையே மாற்றிவிட முடியும் என்பதை அங்கே பழகிய சிறுவனுக்கு, ஒளி என்பது கிடைப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டிய பொருள் அன்று, கணக்கிட்டு ஆளத்தக்க பொருள் என்பது இளமையிலேயே கைவந்தது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று காலமானார். அச்செய்தியைப் பெரிய எழுத்துகளில் தாங்கிய நாளிதழ்களுக்கு நடுவே சோர்ந்து அமர்ந்திருந்த பத்திரிகை விற்பனையாளர் ஒருவரைக் குப்ரிக் படமெடுத்தார். அந்தப் படத்தை 'லுக்' என்னும் இதழ் 25 டாலருக்கு வாங்கி, அதே ஆண்டு ஜூன் மாத இதழில் வெளியிட்டது. அந்த விற்பனையாளர் தாமாகவே அவ்வளவு துயரத்தோடு அமர்ந்திருக்கவில்லை என்றும், முகத்தை இன்னும் வாட்டமாக வைத்துக்கொள்ளுமாறு அவரைக் குப்ரிக்தான் இணங்கவைத்தார் என்றும் அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். செய்திப் புகைப்படத்தின் இன்றைய ஒழுக்க நெறிப்படி இது ஏற்கத்தக்க செயல் ஆகாது. எனினும், முதல் படத்திலேயே அவர் பார்வையாளராக நின்றுவிடாமல் நடிகரை இயக்குபவராகவும் இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்தபோது அவருடைய சராசரி மதிப்பெண் 67. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் அரசு உதவியோடு கல்லூரிகளை நிறைத்துக்கொண்டிருந்த காலம் ஆதலின், அந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று. நகரக் கல்லூரி ஒன்றின் மாலை வகுப்புகளில் சில காலம் அமர்ந்ததோடு அவரது முறையான உயர்கல்வி முடிந்தது. இந்நிலையில், 'லுக்' இதழின் படப் பிரிவு ஆசிரியராக இருந்த ஹெலன் ஓ'பிரையன் அவரை 1946இல் பயிற்சிப் புகைப்படக்காரராகச் சேர்த்துக்கொண்டார். விரைவிலேயே அவர் நிலையான பணியாளராகவும் ஆனார். 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்துக் கிராமப்புற அமெரிக்காவைப் படமெடுத்துப் பெயர்பெற்ற ஆர்தர் ரோத்ஸ்டைன் போன்ற மூத்தவர்கள் அங்கே பணியாற்றினர். கல்லூரி தராத கல்வியைச் சம்பளத்தோடு தந்த இடம் அது என்று கொள்வதில் மிகை இல்லை.

'லுக்' எத்தகைய இதழ் என்பதை அறிந்தால்தான் அந்தப் பயிற்சியின் தன்மை விளங்கும். 1937இல் தொடங்கப்பட்ட அது, 'லைஃப்' இதழுக்குப் போட்டியாக நடந்த படப் பத்திரிகை. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழையாத அக்காலத்தில் உலகை மக்கள் கண்ணால் கண்டது பெரும்பாலும் இத்தகைய இதழ்களின் வாயிலாகவே. இவற்றின் சிறப்பு வடிவம் படக்கட்டுரை: ஒரு மனிதரையோ இடத்தையோ நிகழ்ச்சியையோ தொடர்ச்சியான பல படங்களின் வழியே சொல்லி, எழுத்தைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் முறை அது. படக்கட்டுரைக்குத் தனித்த ஓர் அழகிய படம் போதாது. இடத்தை அறிமுகப்படுத்தும் தொலைவுக் காட்சி வேண்டும். மனிதரின் முகம் வேண்டும். கை, காலணி, மேசைமேல் கிடக்கும் பொருள் போன்ற நுண்விவரங்கள் வேண்டும். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் பார்வை தடையின்றிச் செல்லவும் வேண்டும். புகைப்படக்காரர் நூற்றுக்கணக்கில் எடுத்துவருவார். நெகட்டிவ் துண்டுகளை ஒரே தாளின்மேல் வரிசையாக அடுக்கி அதே அளவில் அச்சிட்ட காண்டாக்ட் ஷீட்டை ஆசிரியர் உருப்பெருக்கியால் பார்த்து, பத்துப் பன்னிரண்டை மட்டும் தேர்ந்து மற்றவற்றைக் கழித்துவிடுவார். தான் அரும்பாடுபட்டு எடுத்தவற்றுள் பெரும்பகுதி குப்பைக்குப் போவதை வாரந்தோறும் காணும் இளைஞன், படத்தொகுப்பின் முதல் பாடத்தைக் கற்றுவிடுகிறான்.

அவர் எடுத்த தொடர்களுள் 1947 மார்ச் மாதம் வெளியான நியூயார்க் சுரங்க இரயில் பயணிகள் பற்றிய தொடர் தனித்துக் குறிப்பிடத்தக்கது. பளிச்சிடும் ஃபிளாஷ் விளக்கைக் கையாண்டால் பயணிகள் விழிப்படைந்துவிடுவர் என்பதோடு, அந்தச் சூழலின் மங்கிய தன்மையும் அழிந்துவிடும் என்பதால், அங்கே எரியும் விளக்கின் ஒளியைக் கொண்டே அவர் படமெடுத்தார். மங்கிய ஒளியில் படம் பதிவதற்குக் கேமராவின் கதவு நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். ஓடும் வண்டியின் அதிர்வில் அவ்வாறு திறந்து வைத்தால் உருவம் கலங்கிவிடும். ஆகவே, வண்டி நிலையத்தில் நிற்கும் சில கணங்களுக்காகக் காத்திருந்து எடுக்க வேண்டியிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வெளியான 'பேரி லிண்டன்' படத்தில், மெழுகுவத்தி ஒளியில் காட்சிகளைப் பதிவதற்காக, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கென ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் உருவாக்கிய எஃப் 0.7 திறப்புடைய லென்ஸை அவர் தேடிப்பிடித்துப் பொருத்தினார். திறப்பு எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸ் உள்ளே விடும் ஒளி பெருகும் என்பது விதி. அந்த லென்ஸ் அதுவரை திரைப்படத்துக்குப் பயன்பட்ட எதையும்விட மிகுந்த ஒளியை உள்ளே விட்டது. அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட். ஆனால், இருக்கும் ஒளியிலேயே எடுப்பது என்னும் பிடிவாதம் சுரங்க இரயிலில் பிறந்தது.

வேலை நேரம் போக மீதிப் பொழுதை அவர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரையிடல்களிலும் நகரத்துத் திரையரங்குகளிலும் கழித்தார். சோவியத் இயக்குநர் புடோவ்கின் எழுதிய திரைப்பட நுட்ப நூலை ஊன்றிப் படித்தார். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் காசு வைத்துச் சதுரங்கம் ஆடுவதும் உண்டு. பிற்காலத்தில் வேலையை விட்டு வருமானமின்றி இருந்தபோது அந்த ஆட்டம் நாளுக்கு இரண்டு மூன்று டாலர் ஈட்டித் தந்தது.

திரைப்படத்துக்கான வாசல் குத்துச்சண்டையின் வழியே திறந்தது. வால்டர் கார்ட்டியர் என்னும் நடுத்தர எடைக் குத்துச்சண்டை வீரரின் வாழ்வைப் பற்றிய குப்ரிக்கின் படக்கட்டுரை 1949 ஜனவரி 18 தேதியிட்ட 'லுக்' இதழில் வெளிவந்தது. பள்ளித் தோழரான அலெக்சாண்டர் சிங்கர், திரையரங்குகளுக்கான செய்திப்படங்களைத் தயாரித்துவந்த 'மார்ச் ஆஃப் டைம்' நிறுவனத்தில் எடுபிடி வேலையில் இருந்தார். சில நிமிடங்களே ஓடும் ஒரு படத்துக்கு அந்நிறுவனம் 40,000 டாலர் செலவிடுவதாக அவர் சொல்லக் கேட்டு, கேமரா வாடகை, பிலிம் விலை, ஆய்வகக் கட்டணம் ஆகியவற்றைத் தொலைபேசியில் விசாரித்துக் கணக்குப் போட்ட குப்ரிக், அதில் மிகச் சிறு பங்கைக் கொண்டே ஒரு படத்தை எடுத்துவிட முடியும் என்ற முடிவுக்கு வந்தார். இளங்கலைஞர்களின் வரலாறுகளில் அகத்தூண்டுதலுக்குக் கிடைக்கும் இடம் இத்தகைய விலைப்பட்டியல்களுக்குக் கிடைப்பதில்லை. குப்ரிக்கைப் பொறுத்தவரை விலைப்பட்டியலே தூண்டுதலாக அமைந்தது.

'டே ஆஃப் த ஃபைட்' என்னும் அந்தக் குறும்படம், குப்ரிக் ஏற்கெனவே எடுத்த படக்கட்டுரையின் கட்டமைப்பையே பின்பற்றியது: கார்ட்டியர் காலையில் எழுவது, இரட்டையரான சகோதரரோடு உணவருந்துவது, தேவாலயம் செல்வது, எடை பார்க்கப்படுவது, பொழுது நகராமல் காத்திருப்பது, இரவில் களமேறுவது என்னும் வரிசையில் அது செல்கிறது. களக் காட்சி 1950 ஏப்ரல் 17 அன்று நியூ ஜெர்சியின் நுவார்க் நகரில் நடந்த உண்மையான போட்டி ஆகும். அதைப் பதிவுசெய்ய ஐமோ என்னும் கேமரா பயன்பட்டது. போர்க்களச் செய்தியாளர்கள் கையில் ஏந்திச்சென்ற இக்கருவி, சாவி முறுக்கி இயக்கப்படுவது, மின்சாரம் வேண்டாதது, ஆனால், ஒரு சுருளில் நூறு அடி பிலிம் மட்டுமே கொள்வது. 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி என்னும் கணக்கில் ஓடுவதால், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடியதும் சுருள் தீர்ந்துவிடும். வீரர்கள் அதற்காக நிற்கப்போவதில்லை. ஆதலின் ஒரு கேமராவைக் குப்ரிக்கும் மற்றொன்றைச் சிங்கரும் ஏந்தி, ஒருவர் சுருள் மாற்றும்போது மற்றவர் படமெடுக்குமாறு பார்த்துக்கொண்டனர். கார்ட்டியர் இரண்டாம் சுற்றிலேயே எதிராளியை வீழ்த்திப் போட்டியை முடித்துவிட்டார்.

படத்துக்கான செலவு ஏறத்தாழ 3,900 டாலர் ஆயிற்று. ஜெரால்ட் ஃபிரீட் என்னும் இளம் இசையமைப்பாளரின் பின்னணி இசைப் பதிவு அதில் கணிசமான பங்கை விழுங்கியது. ஆர்.கே.ஓ. நிறுவனம் 4,000 டாலருக்கு அதை வாங்கியது. ஆக, அவ்வளவு உழைப்புக்குக் கிடைத்த இலாபம் நூறு டாலர் அளவே. ஆயினும், முதலீடு திரும்பியதையும் படம் திரையரங்குக்குச் சென்றதையும் கண்ட அவர், 'லுக்' வேலையை விட்டு விலகினார். நான்காண்டுச் சம்பளத்தில் சேமித்ததே அந்தப் படத்தின் முதல் என்பதையும், விலகும்போது அவருக்கு வயது இருபத்திரண்டுதான் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கையில் குடும்பப் பொறுப்போ கடனோ மிகுந்திருந்தால் அந்த முடிவு எளிதாக இருந்திராது. அடுத்து, நியூ மெக்சிகோவில் சிறு விமானத்தில் பறந்து திருப்பணி ஆற்றிய பாதிரியார் ஒருவரைப் பற்றிய குறும்படமும், பின்னர் கப்பல் தொழிலாளர் சங்கத்துக்கான விளம்பரப் படமும் எடுத்தார். இரண்டும் கூலிக்குச் செய்த வேலைகள். பின்னதன் மூலம் வண்ணப் பிலிமைக் கையாளக் கற்றார் என்பது தவிர அவற்றில் பேசுவதற்கு அதிகமில்லை.

முதல் முழுநீளப் படமான 'ஃபியர் அண்ட் டிசையர்' (1953) விரிவாகப் பேசத்தக்கது, அது தேறாத காரணத்தாலேயே. பெயரில்லாப் போரொன்றில் எதிரியின் எல்லைக்குள் சிக்கிய நான்கு வீரர்களைப் பற்றிய இக்கதையை அவருடைய பள்ளித் தோழர் ஹோவர்ட் சேக்லர் எழுதினார். பணத்தின் பெரும்பகுதி, மருந்துக்கடைத் தொழிலில் செழித்திருந்த தாய்மாமனிடமிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் சான் கேப்ரியேல் மலைப்பகுதியில், நடிகர்களையும் சேர்த்து ஏறக்குறைய பதினைந்து பேர் கொண்ட குழுவோடு படப்பிடிப்பு நடந்தது. கேமரா, இயக்கம், படத்தொகுப்பு அனைத்தும் குப்ரிக்கே. கேமராவைத் தண்டவாளத்தில் நகர்த்தும் டிராலிக்குப் பணமில்லாததால் குழந்தைகளின் தள்ளுவண்டி அதற்குப் பயன்பட்டது. மூடுபனிக் காட்சிக்காகப் பூச்சிமருந்து தெளிக்கும் கருவியைப் பயன்படுத்தியதில், உள்ளே எஞ்சியிருந்த நச்சு படக்குழுவினருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கியது.

இப்படத்தின் குறைகள், புகைப்படத்திலிருந்து திரைப்படத்துக்கு வரும் எவரும் இடறக்கூடிய இடங்களைக் காட்டுகின்றன. முதற்குறை ஒலி. செலவைக் குறைக்கும் பொருட்டு ஒலியின்றிப் படமெடுத்து, பேச்சையும் ஓசையையும் பின்னர் அரங்கில் வைத்துச் சேர்க்கும் டப்பிங் முறையைக் குப்ரிக் தேர்ந்தார். உதட்டசைவுக்குப் பேச்சைப் பொருத்துவதும், காலடி ஓசை முதல் இலைச் சலசலப்பு வரை ஒவ்வொன்றையும் புதிதாக உண்டாக்குவதும் எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்பதை அவர் உணர்ந்திருக்கவில்லை. ஒலிக்கான செலவு படப்பிடிப்புச் செலவையே மிஞ்சிவிட்டது. கடனை அடைக்கும் வழியாக, தயாரிப்பாளர் ரிச்சர்ட் டி ரோஷ்மான் பண உதவி செய்ய, அதற்கு ஈடாக அவருடைய ஆப்ரகாம் லிங்கன் தொலைக்காட்சித் தொடரில் இரண்டாம் அணி இயக்குநராகக் குப்ரிக் பணியாற்றினார். முதன்மை நடிகர்கள் இல்லாத பின்புலக் காட்சிகளைத் தனிக் குழுவோடு சென்று எடுப்பவரே இரண்டாம் அணி இயக்குநர்.

மற்றொரு குறை இன்னும் நுட்பமானது. இருவர் பேசும் காட்சியில் அவர்களுக்கிடையே கற்பனையாக ஒரு கோடு வரைந்து, கேமராவை எப்போதும் அதன் ஒரு பக்கத்திலேயே வைப்பது திரைப்பட இலக்கணத்தின் அடிப்படை. கோட்டைத் தாண்டினால் வெட்டி ஒட்டும்போது இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் தோன்றி, யார் யாரிடம் பேசுகிறார் என்பதே குழம்பிவிடும். படக்கட்டுரையில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே ஒவ்வொரு படமும் தனக்குரிய சட்டகத்துக்குள் நிறைவு பெற்றுவிடுகிறது. 'ஃபியர் அண்ட் டிசையர்' படத்தின் தனிச் சட்டகங்கள் பலவும் இன்றைக்கும் நின்று பார்க்கத்தக்கவை. அவற்றை அடுத்தடுத்து வைக்கும்போதோ பார்வைகள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன. வசனமும் கனமாக அமைந்து நடிப்பை அழுத்துகிறது. குப்ரிக் பிற்காலத்தில் இப்படத்தைத் தமது கற்றுக்குட்டி முயற்சி என்று ஒதுக்கி, எங்கும் திரையிடப்படாமல் தடுக்கவே முயன்றார்.

அடுத்த படமான 'கில்லர்ஸ் கிஸ்' (1955), அவர் நன்கறிந்த நிலத்துக்குத் திரும்பியது: நாயகன் குத்துச்சண்டை வீரன், களம் நியூயார்க் தெருக்கள். பிராங்க்ஸ் பகுதி மருந்துக்கடைக்காரர் ஒருவர் 40,000 டாலர் முதலீடு செய்தார். இம்முறை படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவுசெய்யத் தொடங்கி, மைக்கின் நிழல் தம் ஒளியமைப்பைக் கெடுப்பதைக் கண்டதும் அதைக் கைவிட்டு மீண்டும் டப்பிங்கையே நாடினார். ஒலியையும் ஒளியையும் ஒருசேரக் காக்கத் தெரியாத நிலையில் ஒளியின் பக்கமே சாய்ந்த இந்தத் தேர்வில் புகைப்படக்காரரின் மனம் வெளிப்படுகிறது. படத்தை யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் வாங்கி வெளியிட்டது.

பெரிய பணம் வந்தது 'தி கில்லிங்' (1956) படத்தில்தான். தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஹாரிஸுடன் இணைந்து எடுத்த அப்படத்தின் செலவு 3,20,000 டாலர். யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் 2,00,000 டாலர் தர, எஞ்சியதை ஹாரிஸ் ஏற்றார். இயக்குநரே ஒளிப்பதிவாளராகவும் இருப்பதை ஹாலிவுட் தொழிற்சங்க விதி அனுமதிக்காததால், இருபதாண்டுக்கும் மேற்பட்ட அனுபவமுடைய லூசியன் பல்லார்ட் ஒளிப்பதிவுக்கு அமர்த்தப்பட்டார். படப்பிடிப்பில் உடனிருந்த சிங்கர் பின்னாளில் விவரித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. நடிகர்களோடு பக்கவாட்டில் கேமரா நகரும் காட்சிக்கு 25 மில்லிமீட்டர் லென்ஸைக் குறித்த இடத்தில் பொருத்துமாறு குப்ரிக் சொல்லிச் சென்றார். திரும்பி வந்தபோது, பல்லார்ட் கேமராவைப் பின்னுக்குத் தள்ளி 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டியிருந்தார். நடிகரின் உருவம் சட்டகத்தில் அதே அளவில்தான் தெரியும் என்பது பல்லார்டின் வாதம். உருவத்தின் அளவு மாறாது என்பது உண்மையே. ஆனால், அகன்ற கோண லென்ஸோடு அருகில் நகரும்போது முன்னால் இருக்கும் பொருள்கள் விரைந்தும் பின்னால் இருப்பவை மெதுவாகவும் விலகி, அறையின் ஆழம் கண்ணுக்குத் தெரியும். தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தால் அந்த ஆழம் தட்டையாகிவிடும். கேமராவைப் பழைய இடத்தில் வைக்கலாம், இல்லையேல் படப்பிடிப்பை விட்டு வெளியேறலாம் என்று இருபத்தேழு வயது இயக்குநர் அமைதியாகச் சொல்ல, மூத்தவர் இடத்தை மாற்றினார். அந்த உறுதி குணத்தால் வந்ததா, பதின்மூன்று வயது முதல் லென்ஸ்களோடு புழங்கிய அறிவால் வந்ததா என்று கேட்டால், பின்னதையே முதன்மைக் காரணமாகக் கொள்ள வேண்டும். அறிவு இல்லாத இடத்தில் அதே பேச்சு வெறும் செருக்காக முடிந்திருக்கும்.

'லுக்' இதழுக்காகக் குப்ரிக் எடுத்தவற்றுள் ஆயிரக்கணக்கான படங்களை நியூயார்க் நகர அருங்காட்சியகம் இன்று காத்துவருகிறது. அவற்றிலிருந்து தேர்ந்த படங்களை 2018இல் அது காட்சிக்கும் வைத்தது. அவர் மறைக்க முயன்ற 'ஃபியர் அண்ட் டிசையர்' படத்தையும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் புதுப்பித்துவிட்டது. கேமராவோடு தொழில் தொடங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் அவருடைய பிற்காலப் பெரும்படங்களையே பார்த்து வியந்து, பின் தம் கையிலிருப்பதை எண்ணித் தளர்கின்றனர். அவர்கள் முதலில் 'டே ஆஃப் த ஃபைட்', 'ஃபியர் அண்ட் டிசையர்', 'கில்லர்ஸ் கிஸ்' ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்ப்பது நல்லது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.